"ஓடுங்கள்" என்பதா? "ஓடு" என்பதா?

ஜப்பானில் ஒரு வீடு. பையன் சோற்றைத் தொடாமல் விளையாடிக்கொண்டிருக்கிறான். அம்மா "தபெநசாய்" என்கிறாள். "சாப்பிடு" என்று அர்த்தம். அதட்டல் அல்ல, ஆனால் கண்டிப்பு உண்டு.

அதே அம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம் இப்படிச் சொல்லமாட்டாள். சொன்னால் அவள் முகம் சுருங்கிவிடும். அவளிடம் "தபெதெ குதசாய்" என்பாள். வந்தவர் பெரிய மனிதர் என்றால் "தபெதெ" என்பதும் போதாது. "மெஷியகத்தெ குதசாய்" என்று வினைச் சொல்லையே மாற்றவேண்டும். நம்மவர்கள் "அமுது செய்யுங்கள்" என்று சொன்னதைப் போல!

தாருங்கள்

"குதசாய்" என்றால் என்ன? "தாருங்கள்" என்பதுதான். "தபெதெ" என்றால் "சாப்பிட்டு". நாம் "சொல்லித் தாருங்கள்", "எழுதித் தாருங்கள்" என்கிறோம் அல்லவா? அதே அமைப்பு. ஆனால் இது வெறும் "தாருங்கள்" அல்ல. மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்கு இறக்கிக் கொடுப்பது. கேட்கிறவர் தம்மைத் தாழ்த்திக்கொண்டு கேட்கிறார்.

"நசாய்" என்பதும் மரியாதைச் சொல்லாகப் பிறந்ததுதான். "செய்தருளுங்கள்" என்பது போன்றது. காலப்போக்கில் அதன் மதிப்பு இறங்கிவிட்டது. இப்போது அம்மா பிள்ளைக்கும், வாத்தியார் மாணவனுக்கும் சொல்லும் சொல் அது. பரீட்சைத் தாளில் "விடை எழுதுக" என்பதற்கு "கொதயெநசாய்" என்று அச்சிடுகிறார்கள். இரவில் படுக்கப்போகும்போது மட்டும் மாமனாரிடம்கூட "ஒயசுமிநசாய்" என்று சொல்லலாம். "ஓய்வெடுங்கள்" என்பது அதன் பொருள். யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.

இன்னும் பணிவு வேண்டுமா? கேள்வியாகக் கேட்கவேண்டும். "மத்தெ குரெமசென் க?" அதாவது, "காத்திருந்து தரமாட்டீர்களா?" மறுப்பதற்கும் வழி விட்டுக் கேட்பதால் அது பணிவாகிறது.

வழி விடாத பேச்சும் உண்டு. "தபெரொ!" அதுதான் மொட்டைக் கட்டளை. கோபத்தில் வரும், அண்ணன் தம்பிக்குள் வரும். பெண்கள் வாயில் அபூர்வமாகத்தான் கேட்கும். ஆனால் தெரு முனையில் சிவப்பு முக்கோணப் பலகையில் "தொமரெ" என்று எழுதியிருக்கிறது. "நில்!" என்று அர்த்தம். வண்டி ஓட்டுகிறவர் யாரும் அதை அவமரியாதையாக நினைப்பதில்லை. பந்தயத்தில் ஓடும் பிள்ளையைப் பார்த்து "கம்பரெ!" என்று கூவுவதும் கட்டளைதான். "விடாதே, முயற்சி செய்!" அதில் பாசம்தான் இருக்கிறது.

கடல் வந்தபோது

2011 மார்ச் 11. ஜப்பானின் வடகிழக்குக் கரையில் பெரும் பூகம்பம். பிறகு சுனாமி. இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் 18 ஆயிரத்துக்கும் அதிகம்.

இத்தகைய நேரங்களில் ஊர் ஒலிபெருக்கிகள் "ஹினன் ஷிதெ குதசாய்" என்று சொல்வது வழக்கம். "தயவு செய்து வெளியேறுங்கள்" என்று அர்த்தம். தினமும் காதில் விழும் பணிவான பேச்சு. கேட்கிறவர் "பார்க்கலாம்" என்று இருந்துவிடலாம் அல்லவா?

இபராக்கி மாவட்டத்தில் ஓஅராய் என்பது ஒரு கடலோர ஊர். அங்கே அன்று ஒலிபெருக்கி "ஹினன் செயொ!" என்றது. "வெளியேறு!" பொதுமக்களிடம் யாரும் பேசாத, பட்டாளத்துப் பேச்சு. இது வழக்கமான அறிவிப்பு அல்ல என்று கேட்டவர்களுக்குப் புரிந்தது. அன்று அந்த ஊருக்கு வந்த அலையின் உயரம் சுமார் 4 மீட்டர்.

என்.எச்.கே. ஒலிபரப்பு நிலையமும் அதன்பின் தன் முறையை மாற்றியது. அதுவரை அறிவிப்பாளர்கள் பதற்றம் இல்லாமல், பணிவாகத்தான் செய்தி வாசித்தார்கள்.

2024 ஜனவரி 1. புத்தாண்டு நாள். மாலை 4 மணி 10 நிமிடத்துக்கு நோதோ தீபகற்பத்தில் பூகம்பம். அன்று டெலிவிஷனில் பேசிய பெண் அறிவிப்பாளர் ஏறக்குறைய கத்தினார். "இம சுகு நிகெரு கொதொ!" இதை "உடனே ஓடவேண்டியது!" என்று சொல்லலாம். நம் ஆபீஸ் நோட்டீசில் "நேரில் வரவேண்டியது" என்று போடுவார்களே, அந்த மாதிரி. அதில் கெஞ்சல் இல்லை, கேள்வி இல்லை. டெலிவிஷன் பார்த்துக்கொண்டிருக்காமல் ஓடும்படியும் அவரே சொன்னார்.

திரையில் பெரிதாக ஒரு சொல் தெரிந்தது. "நிகெதெ!" சிறு பிள்ளைகளும் படிக்கக்கூடிய எளிய எழுத்தில் போட்டிருந்தார்கள். "தபெதெ குதசாய்" போல "நிகெதெ குதசாய்" என்று முடியவேண்டிய பேச்சு அது. "குதசாய்" என்ற வாலை வெட்டிவிட்டிருந்தார்கள்.