இஞ்சின் தொழிற்சாலையின் கிரயம்

மண் தோண்டும் யந்திரங்களைச் செய்து உலகெங்கும் விற்றுவரும் அமெரிக்கக் கம்பெனியாகிய கேட்டர்பில்லர், ரயில் இஞ்சின் செய்யும் எலெக்ட்ரோ-மோட்டிவ் டீசல் என்னும் கம்பெனியை 2010-ஆம் ஆண்டில் 82 கோடி டாலர் ரொக்கத்துக்கு வாங்கிற்று. ஜூன் மாதம் முதல் தேதி வெளியான செய்தி, ஆகஸ்டு மாதத்தில் முடிந்த காரியமாயிற்று. எங்கோ இல்லினாய் மாகாணத்தில் நடந்த ஒரு கிரயத்தைப் பற்றி நாஞ்சில் நாட்டிலே அமர்ந்துகொண்டு நாம் ஏன் எழுதவேண்டும் என்று நேயர்களில் சிலர் கேட்கலாம். கேட்பது நியாயமே. ஆனால் அந்தக் கம்பெனியோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படிதான் காசியிலுள்ள நமது ரயில்வே தொழிற்சாலை நூற்றுக்கணக்கான டீசல் இஞ்சின்களைக் கட்டிற்று என்பதை அறிந்தால், விஷயம் அவ்வளவு தொலைவில் இல்லை என்பது விளங்கும்.

ரயிலுக்காகக் காத்திருப்பது எப்படி என்று நாஞ்சில் நாட்டாருக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. 1918-ல் திருவனந்தபுரம் வந்து சேர்ந்த இருப்புப்பாதை, அங்கிருந்து சுமார் எழுபது கிலோமீட்டர் கடந்து நாகர்கோவிலை எட்ட 1979 ஆயிற்று. மகாராஜா ஆட்சி போய், திவான்கள் போய், 1956-ல் நாம் தாய்த் தமிழகத்தோடு இணைந்து, அதற்கும் இருபத்து மூன்று ஆண்டுகள் கழிந்த பின்னரே கோட்டாற்றில் வண்டி வந்து நின்றது. ஆகையால் இஞ்சின் எங்கே செய்யப்படுகிறது, யார் செய்கிறார்கள், யாருடைய உத்தரவின்மேல் செய்கிறார்கள் என்னும் கேள்விகள் நமக்கு அந்நியமானவை அல்ல.

எலெக்ட்ரோ-மோட்டிவ் சாமானியக் கம்பெனியன்று. 1922-ல் கிளீவ்லண்டு நகரத்தில் சிறிய அளவில் ஆரம்பித்து, 1930-ல் ஜெனரல் மோட்டார்ஸ் கையில் சேர்ந்து, அமெரிக்க ரயில் பாதைகளிலிருந்து நீராவி இஞ்சினையே விரட்டிய பெருமை அதற்கு உண்டு. 2005-ல் ஜெனரல் மோட்டார்ஸ் அதை இரண்டு முதலீட்டு ஸ்தாபனங்களுக்கு விற்றது. ஐந்தே ஆண்டுகளில் அவை கேட்டர்பில்லருக்கு விற்றன.

மண் தோண்டும் யந்திரக்காரருக்கு ரயில் இஞ்சின் எதற்கு? டீசல் இஞ்சின் என்று நாம் சொல்வது உண்மையில் சக்கரம் பூட்டிய ஒரு மின்சார நிலையம். உள்ளே இருக்கும் எண்ணெய் யந்திரம் சக்கரத்தை நேரே சுழற்றுவதில்லை. அது மின்சாரத்தை உண்டாக்குகிறது. அந்த மின்சாரம் அச்சுகளில் பொருத்திய மோட்டார்களை ஓட்டுகிறது. சுரங்கங்களில் மலைபோல் நிற்கும் பெரிய பார வண்டிகளிலும் சிலவற்றில் இதே ஏற்பாடுதான். எண்ணெய் யந்திரம் செய்வதில் தேர்ந்த கேட்டர்பில்லர், 2006-லேயே புரோகிரஸ் ரெயில் என்னும் ரயில் பழுதுபார்க்கும் கம்பெனியை வாங்கி வைத்திருந்தது. அதன் பெயரிலேயே இந்தக் கிரயமும் நடந்தது. வியாபாரக் கணக்கில் இதைக் குறை சொல்வதற்கில்லை.

குறை சொல்லவேண்டிய விஷயம் கனடா தேசத்தில் நடந்தது. ஒண்டாரியோ மாகாணத்து லண்டன் நகரில் எலெக்ட்ரோ-மோட்டிவ் கம்பெனிக்கு 1950 முதல் ஒரு தொழிற்சாலை இருந்தது. தகப்பனும் மகனுமாக அங்கே உழைத்த குடும்பங்கள் உண்டு. 2008-ல் கனடாவின் பிரதம மந்திரி அத்தொழிற்சாலைக்கே நேரில் வந்து, தமது சர்க்காரின் வரிச் சலுகையை எடுத்துரைத்தார். கிரயம் முடிந்த மறு வருஷமே புதிய எஜமானர் அமெரிக்காவில் இண்டியானா மாகாணத்து மன்சி நகரில் இன்னொரு தொழிற்சாலையைத் திறந்தனர். பின்னர் லண்டன் தொழிலாளரை அழைத்து, கூலியை ஏறக்குறைய பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றனர். தொழிலாளர் இணங்கவில்லை. 2012-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி கதவடைப்பு. பிப்ரவரி 3-ஆம் தேதி, தொழிற்சாலை நிரந்தரமாக மூடப்படும் என்ற அறிவிப்பு வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்புதான் இண்டியானா மாகாணம் தொழிற்சங்கங்களின் பலத்தைக் குறைக்கும் சட்டமொன்றை நிறைவேற்றியிருந்தது. சுமார் 450 தொழிலாளர் பனி கொட்டும் மாதத்தில் வீதிக்கு வந்தனர்.

வக்கீல் கண்கொண்டு பார்த்தால் தஸ்தாவேஜுகளில் குற்றமே இல்லை. வாங்கியவர் கிரயத் தொகையைக் கொடுத்தார்; விற்றவர் பெற்றுக்கொண்டார். அந்நியர் வந்து கம்பெனிகளை வாங்குவதைப் பரிசீலிக்கக் கனடாவில் ஒரு சட்டம் உண்டு. ஆனால் ஓர் அமெரிக்கர் கையிலிருந்து மற்றோர் அமெரிக்கர் கைக்குப் போனதில் தாங்கள் தலையிட இடமில்லை என்று சர்க்கார் ஒதுங்கிக்கொண்டனர். தொழிற்சாலை தங்கள் மண்ணில் இருந்தது, தொழிலாளர் தங்கள் பிரஜைகள், வரிச் சலுகை தங்கள் பொக்கிஷத்திலிருந்து போயிற்று. கிரயம் மாத்திரம் தங்களைச் சேர்ந்ததன்று! இதைக் கேட்டு நாம் சிரிப்பதா, அழுவதா?

சொத்துக்கு உடையவன் அதை மூடவும் உரிமையுள்ளவன்தானே என்று வாதிப்பவர் உண்டு. அவர்களுக்கு நமது வயற்காட்டைக் காட்டுகிறோம். பேச்சிப்பாறை அணை எழுந்தது 1906-ல். அன்றுமுதல் அந்தத் தண்ணீரில் விளையும் வயலுக்குப் பட்டா யார் பெயரில் இருந்தாலும், பயிரின் உயிர் மடை திறக்கும் கையில் இருக்கிறது. இஞ்சின் தொழிற்சாலைக்கு மடை, ஆர்டர். துணியைப்போல் இஞ்சினைச் சந்தையில் விரித்து விற்க முடியாது. வாங்குவோர் சிலரே. நமது தேசத்திலோ வாங்குவது பெரும்பாலும் ரயில்வே இலாகா ஒன்றேதான். ஆகவே இஞ்சின் தொழிற்சாலையை வாழவைப்பதும் வாட்டிவிடுவதும் ஆர்டர் கொடுப்பவரால் ஆகும் காரியம்.

இதை நாம் ஊகத்தால் சொல்லவில்லை. பட்டறிந்த தேசம் நமது தேசம். 1921-ல் பிரிட்டிஷ் இந்திய சர்க்கார், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ரயில்வேக்களுக்கு வேண்டிய இஞ்சின்களுக்கு இந்தியாவிலேயே டெண்டர் கேட்பதாக ஓர் அறிக்கை வெளியிட்டனர். அதை நம்பி ஜாம்ஷெட்பூரில் பெனின்சுலர் லோகோமோட்டிவ் கம்பெனி ஏற்பட்டது. கட்டடம் எழுந்தது, யந்திரங்கள் வந்து இறங்கின. ஆர்டர் மாத்திரம் வரவில்லை! வெளிநாட்டு இஞ்சின் விலை குறைவு என்றார்கள். 1924-ல் விசாரித்த தீர்வைச் சபையோ, தேசத்தில் போதிய தேவை இல்லை என்று கூறிக் காப்புத் தர மறுத்தது. ஒரே ஓர் இஞ்சினாவது முழுமையாகக் கட்டிப் பெயர் வாங்கும் முன்பே அந்தத் தொழிற்சாலை சர்க்கார் கைக்குப் போய், ஈஸ்ட் இந்தியன் ரயில்வேயின் சிங்பூம் பட்டறையாக மாறி, ரயில் பெட்டிகளுக்கு அடிச்சட்டம் செய்துகொண்டிருந்தது.

நம்மவருக்கு இஞ்சின் செய்யத் தெரியாது என்ற சமாதானம் அப்போதே செல்லாக்காசு. 1895-ல் ஆஜ்மீரிலும், 1899-ல் ஜமால்பூரிலும் நமது தொழிலாளர் இஞ்சின் கட்டிக் காட்டியிருந்தார்கள். இருந்தும் 1941 வரை இங்கே கட்டியவை சுமார் 700 என்றும், பிரிட்டனிலிருந்து இறக்குமதியானவை 12,000 வரை என்றும் சரித்திர ஆசிரியர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த ஆர்டர்களைத் தின்று கொழுத்த கிளாஸ்கோ நகரத்து நார்த் பிரிட்டிஷ் கம்பெனி, காலத்துக்கேற்ற டீசல் இஞ்சினும் சரியாகச் செய்யமாட்டாமல், நமது ஆர்டர்களும் நின்றபின், 1962-ல் மூடுவிழாக் கண்டது தனிக் கதை.

யுத்தம் வந்தபோது கதை மாறிற்று. இங்கிருந்த இஞ்சின்களையும் தண்டவாளங்களையும் பெயர்த்து மத்திய கிழக்குக்குக் கப்பலேற்றினார்கள். புது இஞ்சின் வெளியிலிருந்து வர வழியில்லை. அப்பொழுதுதான் சர்க்காருக்கு ஞானம் பிறந்தது. 1945-ல் சிங்பூம் பட்டறையை டாட்டாக்கள் வாங்கி, டாட்டா லோகோமோட்டிவ் அண்டு எஞ்சினியரிங் கம்பெனியைத் தொடங்கினர். அதே இடம், அதே சுவர்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் பட்டினியால் செத்த தொழிற்சாலை, ரயில்வே ஆர்டர் கிடைத்ததும் எழுந்து நின்று, 1970 வரை ஆயிரத்துக்கு மேற்பட்ட நீராவி இஞ்சின்களைச் செய்து தந்தது. அக்கம்பெனியே பிற்பாடு லாரியும், மண் தோண்டும் யந்திரமும் செய்ததை நேயர்கள் கவனிக்கவேண்டும். அமெரிக்காவில் மண் தோண்டும் யந்திரக்காரர் இஞ்சினுக்கு வந்தார். இங்கே இஞ்சின்காரர் மண் தோண்டும் யந்திரத்துக்குப் போனார்.

சுதந்திர இந்தியாவின் சர்க்கார் சித்தரஞ்சனையும் காசியையும் நிறுவினர். காசித் தொழிற்சாலையின் முதல் டீசல் இஞ்சின் 1964-ல் வெளிவந்தது. வரைபடங்கள் ஆல்கோ என்னும் அமெரிக்கக் கம்பெனியுடையவை. அந்த ஆல்கோ 1969-ல் இஞ்சின் செய்வதையே நிறுத்திவிட்டது. குரு மறைந்துவிட்டார் என்று காசித் தொழிலாளர் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. அந்த இஞ்சினையே படிப்படியாகத் திருத்தி, வலுவேற்றி, பல்லாண்டுகள் செய்துவந்தார்கள். உடன்படிக்கையில் வித்தையை முறையாகக் கேட்டு வாங்கியதன் பலன் அது.

1990-களில் எலெக்ட்ரோ-மோட்டிவ் கம்பெனியோடு செய்த உடன்படிக்கையும் அவ்வகையே. 4,000 குதிரைச் சக்தியுள்ள இஞ்சின்கள் முதலில் கப்பலில் வந்தன. ஹூப்ளியில் அவற்றை ஓட்டிப் பழகினார்கள். 2002 முதல் காசியிலேயே கட்டினார்கள். ஆகையால் 2010-ல் அமெரிக்காவில் எஜமானர் மாறியபோது காசியில் ஒருவருக்கும் வேலை போகவில்லை. லண்டன் நகரத் தொழிலாளருக்கும் காசித் தொழிலாளருக்கும் கைத்திறத்தில் வேற்றுமை இல்லை. முன்னவரின் தொழிற்சாலை விற்கக்கூடிய சரக்காக இருந்தது, பின்னவரின் தொழிற்சாலை தேசத்தின் சொத்தாக இருந்தது. இன்று நமது பாதைகள் மின்சாரமயமாகி, காசித் தொழிற்சாலையும் மின்சார இஞ்சினுக்கு மாறிவிட்டது.

ஆனால் 2015-ல் சர்க்கார் வேறு வழியில் அடியெடுத்து வைத்தனர். பீஹாரில் மார்ஹோராவில் ஆயிரம் டீசல் இஞ்சின்கள் செய்யும் ஆர்டர் அமெரிக்க ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனிக்குப் போயிற்று. கேட்டர்பில்லரின் இஞ்சின் கம்பெனி போட்டியிட்டுத் தோற்றது. மார்ஹோராவில் ரயில்வேயின் பங்கு 26 சதவிகிதம். 2019-ல் ஜெனரல் எலெக்ட்ரிக் தனது ரயில் பகுதியை வாப்டெக் கம்பெனியோடு இணைத்துவிட்டது. ஆக, நான்கே ஆண்டுகளில் அங்கும் எஜமானர் மாறிவிட்டார்! அந்தத் தொழிற்சாலை இப்போது ஆப்பிரிக்காவிலுள்ள கினி தேசத்துக்கு இஞ்சின் அனுப்புவது நமக்கு மகிழ்ச்சியே. ஆயினும் ஆயிரமாவது இஞ்சின் வெளிவந்த மறுநாள் அங்கே என்ன நடக்கும்? வரைபடங்களில் நமக்குள்ள உரிமை எவ்வளவு? இன்னொரு கம்பெனி வந்து வாங்கினால், 26 சதவிகிதப் பங்குக்கு உள்ள குரல் என்ன? பயின்ற தொழிலாளரை வைத்துக்கொள்ளும் கடமை யாருக்கு? பாலிடெக்னிக்கும் எஞ்சினியரிங் கல்லூரியும் படித்து, சான்றிதழைக் கையில் ஏந்தி வடக்கே வண்டியேறும் நாஞ்சில் நாட்டு வாலிபர் பலர். அவர்களும் இக்கேள்விகளில் சம்பந்தப்பட்டவர்களே. நமது தமிழ்நாட்டு அங்கத்தினர்கள் இவற்றை அடுத்த ரயில்வே மான்ய விவாதத்திலேயே பார்லிமெண்டில் எழுப்பி, உடன்படிக்கையின் ஷரத்துக்களைச் சபை மேஜைமீது வைக்கும்படி மந்திரியைக் கேட்கவேண்டும்.