விலை கேட்காதீர்கள்!

வீட்டில் இடம் போதவில்லை. பழைய கட்டிலைக் கொடுத்தாயிற்று. பழைய மேஜையைக் கொடுத்தாயிற்று. ஓட்டை சைக்கிளும் போய்விட்டது. கூடத்தில் இரண்டு மரப்பெட்டிகள் மட்டும் அசையாமல் நிற்கின்றன.

“இவற்றையும் கொடுத்துவிட்டால் என்ன?” என்று மனைவி கேட்கிறாள்.

கணவர் பதில் சொல்லவில்லை. எழுந்து போகிறார். ஒரு துணியை எடுத்துப் பெட்டியின் மேல் இருக்கும் தூசியைத் துடைக்கிறார். அதுதான் பதில்!

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் எத்தனையோ வீடுகளில் நடக்கிற காட்சி இது.

அந்தப் பெட்டிகளுக்குள் என்ன இருக்கிறது? பணமா? நகையா? இரண்டும் இல்லை. ஒரு காந்தம், கொஞ்சம் செம்புக் கம்பி, ஒரு கூம்பு. அவ்வளவுதான்! அவை பழைய ஸ்பீக்கர் பெட்டிகள். ஐம்பது, அறுபது வயது ஆனவை.

நல்ல விலை கொடுக்க ஆள் இருக்கிறது. ஆனால், விற்க மனம் இல்லை. ஏன்?

காகிதம் பாடுகிறது!

ரேடியோ ஆகட்டும், இசைத்தட்டு ஆகட்டும், பாட்டு முதலில் மின்சாரமாகத்தான் வருகிறது. மின்சாரம் நம் காதுக்குக் கேட்காது. அதைக் காற்றின் அசைவாக மாற்ற வேண்டும். ஸ்பீக்கரின் வேலை அதுதான்.

காந்தத்தின் நடுவே ஒரு கம்பிச்சுருள் இருக்கிறது. அதோடு ஒரு காகிதக் கூம்பு ஒட்டியிருக்கிறது. மின்சாரம் பாய்ந்ததும் சுருள் முன்னும் பின்னும் துடிக்கிறது. கூம்பும் சேர்ந்து துடிக்கிறது. காற்றைத் தள்ளுகிறது. நம் காதில் பாட்டு விழுகிறது!

அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியைச் சேர்ந்த ரைஸ், கெல்லாக் என்ற இரண்டு என்ஜினீயர்கள் 1925-ம் ஆண்டில் இந்த முறையைச் செம்மையாக அமைத்துக் காட்டினார்கள். இன்றும் பெரும்பாலான ஸ்பீக்கர்கள் இந்த முறையில்தான் வேலை செய்கின்றன.

சத்தம் வந்துவிட்டது. ஆனால் அசல் குரல் வந்ததா? தவிலும் தகர டப்பாவும் ஒன்று போலக் கேட்டால் யாருக்குத் திருப்தி? அசலை அப்படியே கேட்க வேண்டும் என்ற ஆசை பிறந்தது. அந்த ஆசையின் பெயர்தான் ‘ஹை-பை’.

‘ஹை’ என்றால் உயர்ந்த. ‘பை’ என்பது ‘பிடலிட்டி’ என்ற சொல்லின் சுருக்கம். அதற்கு என்ன பொருள் தெரியுமா? விசுவாசம்! பாடியவருக்கு விசுவாசமாக இருக்க வேண்டும் என்பதே ஹை-பை.

அப்படி இருந்து காட்டிய நான்கு பெட்டிகளின் கதையைக் கேளுங்கள்.

மூலையில் நிற்கும் பெரியவர்

அமெரிக்காவில் அர்க்கன்சா மாநிலத்தில் ஹோப் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. ஹோப் என்றால் நம்பிக்கை. பின்னாளில் ஜனாதிபதியான பில் கிளிண்டன் 1946-ம் ஆண்டில் அங்கேதான் பிறந்தார். அதே ஆண்டில் அதே ஊரில் ஒரு ஸ்பீக்கர் கம்பெனியும் பிறந்தது. அதைத் தொடங்கியவர் பால் கிளிப்ஷ்.

யுத்த காலத்தில் ராணுவ அதிகாரியாக அந்த ஊருக்கு வந்தவர் அவர். யுத்தம் முடிந்த பிறகு அங்கேயே தங்கிவிட்டார். தகரக் கொட்டகை ஒன்றில் ஸ்பீக்கர் செய்ய ஆரம்பித்தார்.

அவருடைய யோசனை எளிமையானது. வாயருகே இரண்டு கைகளையும் குவித்துக் கூப்பிட்டால் குரல் தூரம் போகிறது அல்லவா? நாதஸ்வரத்தின் அணசும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் தாழ்ந்த ஒலிக்கு மிகப் பெரிய புனல் வேண்டும். அதை வீட்டுக்குள் வைக்க முடியுமா?

கிளிப்ஷ் அந்தப் புனலை மடித்துப் பெட்டிக்குள் வைத்தார். அதுவும் போதவில்லை. பெட்டியை அறையின் மூலையில் நிறுத்தினார். இரண்டு பக்கத்துச் சுவர்களும் புனலின் கடைசிப் பகுதி ஆகிவிட்டன! வீடே வாத்தியம் ஆயிற்று!

இதன் பெயர் ‘கிளிப்ஷார்ன்’. நாலடிக்கு மேல் உயரம். மிகக் கொஞ்சம் மின்சாரம் கொடுத்தாலே அறை முழுவதும் நிறையும். கிளிப்ஷ் தமது 98-வது வயதில், 2002-ம் ஆண்டில் காலமானார். அவருடைய மூலைப் பெட்டி இன்றும் தயாராகிறது.

சைக்கிள் பம்பில் இருக்கும் ரகசியம்

எல்லார் வீட்டிலும் அவ்வளவு பெரிய பெட்டிக்கு இடம் ஏது? இதற்கு வழி கண்டவர் எட்கர் வில்ச்சர் என்ற அமெரிக்கர்.

சைக்கிள் பம்பின் வாயை விரலால் மூடிக்கொண்டு கைப்பிடியை அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் திரும்பி வரும். உள்ளே அடைபட்ட காற்று ஸ்பிரிங்கைப் போலத் தள்ளுகிறது.

வில்ச்சர் இதைத்தான் பயன்படுத்தினார். ஸ்பீக்கர் கூம்பின் விறைப்பான விளிம்பை நீக்கினார். தொளதொளவென்ற விளிம்பை வைத்தார். பெட்டியைக் காற்றுப் புகாமல் மூடினார். உள்ளே இருந்த காற்றே கூம்பைத் தாங்கியது. மிருதங்கத்தின் தொப்பி ஒலி போன்ற தாழ்ந்த ஒலி, சிறிய பெட்டியிலிருந்து சுத்தமாக வந்தது! முதல் முயற்சியின்போது அந்த விளிம்புக்கு மாதிரி வரைந்து கொடுத்தவர் யார் தெரியுமா? அவருடைய மனைவி ரோஸ்மேரி!

1954-ம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் நகரில் கம்பெனி தொடங்கியது. 1958-ம் ஆண்டில் ‘ஏ.ஆர். 3’ என்ற பெட்டி வந்தது. உயரம் இரண்டு அடிதான்.

அதை வைத்து ஒரு வேடிக்கை காட்டினார்கள். மேடையில் நான்கு பேர் வயலின், செல்லோ வாசிப்பார்கள். நடுவே அவர்கள் நிறுத்திக்கொள்வார்கள். முன்பே பதிவு செய்த அதே இசை ஸ்பீக்கரில் தொடரும். எந்த இடத்தில் மாறியது என்று சபையில் பலருக்குத் தெரியவில்லை!

வில்ச்சர் அதோடு நிற்கவில்லை. 1967-ம் ஆண்டில் கம்பெனியை விற்றார். பிறகு காது மந்தமானவர்களுக்காக உழைத்தார். காதுக் கருவியில் மெல்லிய ஒலி நன்றாகக் கேட்க வேண்டும். உரத்த ஒலி காதை அறையக் கூடாது. அதற்கு நல்ல வழி கண்டார். அந்த முறையைத் தமக்கென்று பூட்டி வைக்காமல் எல்லாருக்கும் தெரிய வெளியிட்டார். நன்றாகக் கேட்கிறவர்களுக்கு நல்ல ஒலி கொடுத்தவர், கேளாதவர்களுக்கும் வழி காட்டினார்! 2011-ம் ஆண்டில் அவர் காலமானார். அவருடைய ‘ஏ.ஆர். 3’ பெட்டிக்கு வாஷிங்டன் நகரிலுள்ள ஸ்மித்ஸோனியன் மியூசியத்தில் இடம் கிடைத்திருக்கிறது.

பெட்டி இல்லாத ஸ்பீக்கர்

இங்கிலாந்தில் ஹண்டிங்டன் என்ற ஊரில் பீட்டர் வாக்கர் என்பவர் இருந்தார். “கூம்பும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம்” என்று அவர் துணிந்தார்.

இரண்டு தகடுகள். இரண்டிலும் நிறையத் துளைகள். நடுவே மிக மெல்லிய பிளாஸ்டிக் தாள். தாளுக்குப் பல ஆயிரம் வோல்ட் மின்னேற்றம். பாட்டுக்கு ஏற்ப அந்தத் தாள் இரு பக்கமும் இழுக்கப்பட்டு அசைகிறது. இதுதான் 1957-ம் ஆண்டில் வந்த ‘குவாட்’ ஸ்பீக்கர்.

பார்த்தால் ஸ்பீக்கர் என்றே தோன்றாது. குளிர் நாட்டில் அறையைச் சூடாக்கும் கருவி போல இருக்கும். ஆனால் அதில் ஒருவர் பாடினால், அறையில் அவரே வந்து நிற்பது போலத் தோன்றும் என்பார்கள்.

குறைகளும் உண்டு. ரொம்பச் சத்தம் வைத்தால் தாங்காது. தூசியும் ஈரமும் ஆகா. அப்படியிருந்தும் 1985-ம் ஆண்டு வரை விற்பனை ஆயிற்று. இன்றும் அதன் பகுதிகளைப் புதுப்பித்துக் கொடுக்கும் பட்டறைகள் உண்டு.

மனைவியர் பெயரில்!

நான்காவது பெட்டி மிகச் சிறியது. ஓர் அடி உயரம். ஒரு கையால் தூக்கிவிடலாம். இதைச் செய்யச் சொன்னது எந்த வியாபாரியும் அல்ல. பி.பி.சி. என்னும் இங்கிலாந்து ரேடியோ நிலையம்!

வெளியூர் நிகழ்ச்சிகளை ஒலிபரப்ப வேன் போகும். வேனுக்குள் இடம் குறைவு. பெரிய ஸ்பீக்கர் வைக்க முடியாது. ஆனால், போகிற ஒலி சரியாக இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். அதற்காக 1970-களில் பி.பி.சி. என்ஜினீயர்கள் ‘எல்.எஸ். 3/5ஏ’ என்ற பெட்டியை அமைத்தார்கள்.

பி.பி.சி. ஸ்பீக்கர்களுக்கு முக்கியமான பரீட்சை எது? மனிதக் குரல்! வாத்தியம் கொஞ்சம் மாறினால் நமக்குத் தெரியாமல் போகலாம். பேச்சு மாறினால் உடனே தெரிந்துவிடும். பிறந்த நாள் முதல் நாம் கேட்பது மனிதக் குரல் அல்லவா? அம்மாவின் குரலை யார்தான் அடையாளம் காணமாட்டார்கள்?

பி.பி.சி.யில் வேலை பார்த்த இரண்டு என்ஜினீயர்கள் சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள். ஒருவர் ஸ்பென்சர் ஹியூஸ். அவர் மனைவி டாரதி. இருவர் பெயரையும் சேர்த்து ‘ஸ்பென்டார்’ என்று கம்பெனிக்குப் பெயர் வைத்தார். இன்னொருவர் டட்லி ஹார்வுட். அவர் மனைவி எலிசபெத். 1977-ம் ஆண்டில் ‘ஹார்பெத்’ பிறந்தது! மனைவி பெயர் தாங்கிய பெட்டியை யார் வெளியே எறிவார்கள்?

கெட்டால் சரி செய்யலாம்

“இன்றைக்கு இவற்றைவிட நல்ல ஸ்பீக்கர் இல்லையா?” என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. அளந்து பார்த்தால், புதிய ஸ்பீக்கர்கள் பலவற்றில் ஒலி இன்னும் சீராக இருக்கும். பழையது எல்லாமே உயர்ந்தது என்று சொல்வது தவறு. வெறும் பழக்கத்தால் புகழ்கிறவர்களும் உண்டு.

ஆனால் ஒன்று. இந்தப் பெட்டிகளில் ஆணியைக் கழற்றினால் உள்ளே எல்லாம் கண்ணுக்குத் தெரியும். கெட்டதை எடுத்துவிட்டு வேறு போடலாம். கன்டென்சர் கெட்டால் அதை மாற்றலாம். கம்பி விட்டால் பற்ற வைக்கலாம். ஒரு பாகம் கெட்டால் மொத்தத்தையும் குப்பையில் போட வேண்டியதில்லை. அதனால்தான் தகப்பனார் வாங்கியதை மகன் கேட்கிறான். மகன் வைத்திருப்பதைப் பேரன் கேட்கிறான்.

அந்தப் பெட்டியில் தகப்பனார் கேட்ட பாட்டை மறுபடி வைக்கும்போது, பாடியவர் மட்டுமா வருகிறார்? பக்கத்து நாற்காலியில் தகப்பனாரும் வந்து உட்கார்ந்துவிடுகிறார்! அதற்கு விலை எப்படிச் சொல்வது?

உங்கள் வீட்டிலும் இருக்கிறதா?

உங்கள் பரணிலும் பழைய ஸ்பீக்கர் கிடக்கலாம். எடைக்குப் போடுமுன் ஒரு நிமிஷம் பாருங்கள்.

கூம்பைச் சுற்றி ஸ்பாஞ்சு விளிம்பு இருந்தால், விரலால் அழுத்தாதீர்கள். பதினைந்து, இருபது வருஷத்தில் ஸ்பாஞ்சு உளுத்துவிடும். தொட்டால் பொடியாக உதிரும். இதைப் பார்த்துத்தான் பலர், “ஸ்பீக்கர் செத்துவிட்டது” என்று எறிந்துவிடுகிறார்கள். கூம்பும் சுருளும் நன்றாக இருந்தால் விளிம்பை மட்டும் புதிதாக ஒட்டலாம். கைதேர்ந்த மெக்கானிக்கிடம் கொடுப்பது நல்லது. கோணலாக ஒட்டினால் சுருள் உரசும்; கரகரவென்று சத்தம் வரும்.

விளிம்பு உளுத்த ஸ்பீக்கரில் சத்தத்தைக் கூட்டி வைக்காதீர்கள். சுருளும் கெட்டுப் போகும். குவாட் போல உயர்ந்த மின்னழுத்தம் உள்ள ஸ்பீக்கரை நீங்களே திறக்கவே கூடாது. உயிருக்கு ஆபத்து!

சரி, அந்தக் கணவர் என்ன ஆனார்?

தூசியைத் துடைத்து முடித்தார். பழைய பாட்டு ஒன்றை மெல்ல வைத்தார். அடுப்படிக்குப் போன மனைவி வாசற்படியில் நின்றுவிட்டாள். கல்யாணம் ஆன புதிதில் இருவரும் கேட்ட பாட்டு அது!

பாட்டு முடிந்தது. “அந்த மூலையிலேயே இருக்கட்டும்” என்றாள்.

பெட்டி, பாடியவருக்கு விசுவாசமாக இருந்தது. வைத்திருப்பவர்கள் பெட்டிக்கு விசுவாசமாக இருக்கிறார்கள். ஆகவே, விலை மட்டும் கேட்காதீர்கள்!