காப்பிக் கொட்டை சொல்லும் கணக்கு



நம்ம செஞ்சி பக்கம் விளைவது நெல்லும் மல்லாட்டையும்தான். அப்புறம் எதுக்குக் காப்பிப் பேச்சு என்று கேட்பீர்கள். "வியாபாரி சொல்றதுதான் விலை" என்று நாம் புலம்புகிறோமே, அதே புலம்பல் காப்பி விளையும் நாடுகளிலும் உண்டு. அவர்கள் கண்ட வழியை நாமும் தெரிந்துகொள்வோம்.

விலை ஏன் விழுந்தது?

அராபிகா காப்பிக்கு நியூயார்க் சந்தையையும், ரொபஸ்டாவுக்கு லண்டன் சந்தையையும் வைத்துத்தான் உலகமெங்கும் விலை பேசுகிறார்கள். எந்த நாடு எவ்வளவு ஏற்றுமதி செய்யலாம் என்ற ஒப்பந்தம் 1989 வரை விலையைத் தாங்கிப் பிடித்தது. அந்த வருடம் அது முறிந்ததும் விலை சரிந்தது. 2001, 2002-ல் அடிமட்டத்துக்கே போய், பல சிறு விவசாயிகளுக்குச் செலவுக்கே கட்டுபடியாகவில்லை.

2002-ல் சர்வதேச காப்பி அமைப்பு ஒரு தர வரம்பு வகுத்தது. 300 கிராம் அராபிகாக் கொட்டையில் 86 குறைகளுக்கு மேல் இருக்கக் கூடாது. ஈரப்பதம் 8 முதல் 12.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மட்டமான சரக்கு சந்தையில் குவிந்தால் நல்ல சரக்கின் விலையும் கெடும் என்பதே காரணம்.

தரம் எப்படி வருகிறது?

* நன்றாகச் சிவந்த பழத்தை மட்டும் பறிப்பது. ஒரே செடியில் பல தடவை பறிக்க வேண்டியிருக்கும்.
* பறித்த அன்றே தோல் நீக்குவது. வைத்திருந்தால் புளித்து வாடை வரும்.
* வெறும் மண்ணில் போடாமல் களத்திலோ பரணிலோ சீராகக் காயவைப்பது.
* கறுத்தது, உடைந்தது, பூச்சி அரித்தது எல்லாவற்றையும் பொறுக்கி எடுப்பது.

பறிப்பதும் பொறுக்குவதும் பெரும்பாலும் பெண்கள் வேலை. எடைக்குக் கூலி என்றால், பழுத்ததை மட்டும் பறிக்கும் பெண்ணுக்கு அன்றைய கூலி குறையும். ஆகவே தரத்துக்குக் கிடைக்கும் கூடுதல் காசில் பறிப்பவருக்கும் பங்கு வேண்டும். இல்லாவிட்டால் தரம் நிலைக்காது.

அரக்கு காட்டிய வழி

ஆந்திராவின் அரக்குப் பள்ளத்தாக்கில் பழங்குடி விவசாயிகள் சின்னச் சின்ன நிலங்களில் காப்பி வளர்க்கிறார்கள். அவர்களில் பலர் நாந்தி அறக்கட்டளையின் துணையோடு 2007-ல் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். பழங்களை ஒரே இடத்தில் சேர்த்து, ஒரே மாதிரி பதப்படுத்தினார்கள். 2017-ல் பாரிஸ் நகரில் 'அரக்கு' என்ற பெயரிலேயே கடை திறந்தது. 2019-ல் அரக்கு அராபிகாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஒருத்தர் மட்டும் நல்ல பழம் கொண்டுபோனால், வியாபாரி அதை மற்றதோடு கொட்டி ஒரே விலைதான் தருவார். பலர் சேர்ந்து நல்ல சரக்கைத் தனியாக, நிறையக் கொடுத்தால்தான் தனி விலை கேட்க முடியும். தரம் வந்தாலும் உலக விலையின் ஏற்ற இறக்கம் நிற்காது. ஆனால் பேரம் பேச ஒரு பிடி கிடைக்கும்.

நமக்கு என்ன பாடம்?

மல்லாட்டையை ஈரத்தோடு மூட்டை கட்டினாலும், தண்ணீர் தெளித்து உடைத்தாலும் பூஞ்சணம் பிடிக்கும். அதில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். அந்தச் சரக்கை ஏற்றுமதிக்கு எடுக்க மாட்டார்கள், நம்ம பிள்ளைகளுக்கும் ஆகாது. நன்றாகக் காயவைத்து, சொத்தையையும் பொக்கையும் பிரித்து, தனி மூட்டையாகக் கட்டுவது நம் கையில்தான் இருக்கிறது.

அடுத்த குழுக் கூட்டத்தில் ஒரு கணக்குப் போடுங்கள். காயவைக்க, பொறுக்க எத்தனை ஆள், எத்தனை நாள்? எடை எவ்வளவு குறையும்? விற்பனைக்கூடத்தில் நல்ல சரக்குக்கும் கலப்புச் சரக்குக்கும் மூட்டைக்கு எவ்வளவு வித்தியாசம்? வித்தியாசம் செலவைவிட அதிகம் என்றால், நாலைந்து குழுக்கள் சேர்ந்து ஒரே லாட்டாகக் கொண்டுபோகலாம். குறைவு என்றால் அவசரப்பட வேண்டாம். எதுவானாலும் கணக்கைத் தீர்மான நோட்டில் எழுதி, கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாங்க. எல்லோரும் சேர்ந்து பேசி முடிவெடுப்போம்.