வாக்குரிமையைத் தடுத்த அவை விதி

ஒரு மசோதா பிடிக்கவில்லை என்றால் எதிர்த்து வாக்களித்து அதைத் தோற்கடிப்பதுதான் நாடாளுமன்ற முறை. ஆனால் அமெரிக்காவில் கறுப்பின மக்களின் வாக்குரிமையைக் காக்க வந்த மசோதாக்கள் பல, வாக்கெடுப்புக்கே விடப்படாமல் முடக்கப்பட்டன. முடக்கியது செனட்டின் ஒரு நடைமுறை விதி. மாநிலத்துக்கு இருவர் வீதம் 100 பேர் கொண்ட அந்த அவையில், பேச்சை முடித்துக்கொண்டு வாக்கெடுப்புக்குப் போக 60 பேர் சம்மதிக்க வேண்டும். 59 பேர் ஆதரித்தும் 41 பேர் மறுத்துவிட்டால் மசோதா அங்கேயே நின்றுவிடும். ஃபிலிபஸ்டர் என்று அழைக்கப்படும் இந்தத் தடுப்புக்கு முன்பெல்லாம் உடல் வலுவாவது வேண்டியிருந்தது. 1957-ல் குடிமை உரிமைகள் மசோதாவை எதிர்த்து தென் கரோலினாவின் ஸ்ட்ராம் தர்மண்ட் 24 மணி 18 நிமிடம் தொடர்ந்து பேசினார். இன்று அந்தச் சிரமமும் இல்லை. எதிர்ப்பைச் சொல்லிவிட்டாலே பெரும்பாலும் போதும். மற்ற மசோதாக்களுக்கு இந்த விதி வேண்டுமா என்பது தனி விவாதம். யார் வாக்களிக்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் சட்டங்களுக்கு இது இருக்கவே கூடாது என்கிறேன்.

இதற்கு வரலாறே சாட்சி. 1890-ல் தெற்கு மாநிலங்களின் தேர்தல்களை மத்திய அரசு கண்காணிக்க வழி செய்யும் மசோதா பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. செனட்டில் பேசிப் பேசியே காலம் கடத்தினார்கள்; 1891 தொடக்கத்தில் அது கைவிடப்பட்டது. அதே 1890-ல் மிசிசிப்பி தனக்கொரு புதிய அரசியல் சட்டத்தை எழுதிக்கொண்டது. வாக்காளராகப் பதிவு செய்ய வருபவர் தலைவரி கட்டியிருக்க வேண்டும். மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பிரிவைப் படிக்கவோ, படிக்கக் கேட்டுப் பொருள் சொல்லவோ வேண்டும். சொன்ன பொருள் சரியா என்று முடிவு செய்பவர் பதிவு அலுவலர். அவர் வெள்ளையர். கறுப்பினத்தவர் எவ்வளவு படித்திருந்தாலும் அவர் ‘தவறு’ என்று சொன்னால் கதை முடிந்தது. பிற தெற்கு மாநிலங்களும் இதே வழியில் போயின. வாக்களிக்கத் தலைவரி கேட்பதை ஒழிக்கும் மசோதாவை 1942 முதல் 1949 வரை பிரதிநிதிகள் சபை ஐந்து முறை நிறைவேற்றி அனுப்பியது. ஐந்து முறையும் செனட் அதைச் சட்டமாக விடவில்லை. 1957-ல் ஒரு சட்டம் தப்பிப் பிழைத்து வந்தபோதும், தெற்கத்திய உறுப்பினர்களைச் சமாதானப்படுத்துவதற்காக அதன் வலுவான பகுதிகள் முன்பே வெட்டப்பட்டிருந்தன.

“1965-ல் இதே விதியின் கீழ்தானே வாக்குரிமைச் சட்டம் நிறைவேறியது? இரு கட்சியும் கைகோத்ததால்தான் அது நிலைத்தது” என்று விதியின் ஆதரவாளர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி; அந்த ஆண்டில் நடந்ததைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். மார்ச் 7 அன்று அலபாமாவின் செல்மா நகரில், பாலத்தைக் கடந்து ஊர்வலமாக வந்தவர்களைக் காவலர்கள் தடியாலும் கண்ணீர்ப்புகையாலும் தாக்கினார்கள். நாடே அதைத் தொலைக்காட்சியில் பார்த்தது. எட்டாம் நாள் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் நாடாளுமன்றத்தில் பேசினார். மசோதா போக வேண்டிய நீதித்துறைக் குழுவின் தலைவரோ மிசிசிப்பியின் ஜேம்ஸ் ஈஸ்ட்லண்ட். குடிமை உரிமைகள் மசோதாக்களைக் கிடப்பில் போடுவதில் பேர்போனவர். அதனால் ஏப்ரல் 9-க்குள் மசோதாவைத் திருப்பி அனுப்பியாக வேண்டும் என்று கெடு விதித்துத்தான் அவரிடம் கொடுத்தார்கள். மே 25 அன்று 70 பேர் விவாதத்தை முடிக்க வாக்களித்தார்கள். மறுநாள் 77-க்கு 19 என்று மசோதா நிறைவேறியது. ஆகஸ்ட் 6 அன்று ஜான்சன் கையெழுத்திட்டார். இரு கட்சி ஒற்றுமை வந்தது உண்மைதான். ஆனால் 1890-ல் தொடங்கிய முயற்சிக்கு அது வந்து சேர 75 ஆண்டுகளும், செல்மாவில் சிந்திய ரத்தமும் தேவைப்பட்டன. மிசிசிப்பியில் வாக்குரிமை வயதுள்ள கறுப்பினத்தவரில் 7 சதவீதத்துக்கும் குறைவாகவே பதிவாகியிருந்த நிலை மாறி, இரண்டே ஆண்டுகளில் அது 60 சதவீதத்தை நெருங்கியது. அந்த மக்கள் முன்பும் வாக்களிக்க விரும்பியவர்கள்தான். நடுவே வாக்கில்லாமலே வாழ்ந்து மறைந்த தலைமுறைகளுக்கு அந்த ஒற்றுமையால் என்ன பயன்?

அந்தச் சட்டத்தின் உயிர்நாடி ஓர் ஏற்பாடு. பாகுபாடு காட்டிய வரலாறு உள்ள பகுதிகள் தேர்தல் விதிகளை மாற்றுமுன் மத்திய அரசிடமோ வாஷிங்டன் நீதிமன்றத்திடமோ அனுமதி பெற வேண்டியிருந்தது. 2006-ல் இதை நீட்டித்தபோது செனட்டில் 98-க்கு 0. ஆனால் 2013-ல் ஷெல்பி கவுண்டி வழக்கில், எந்தப் பகுதிகள் என்று தீர்மானிக்கும் அளவுகோலை உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று ரத்து செய்தது. அனுமதி பெறும் கட்டாயம் செயலற்றுப் போனது. 2021 மார்ச்சில் ஜார்ஜியா மாநிலம் புதிய தேர்தல் சட்டம் இயற்றியது. இரு அவைகளிலும் நிறைவேறி ஆளுநர் கையெழுத்தானது எல்லாம் ஒரே நாளில். வாக்குச்சாவடிக் கட்டடத்திலிருந்து 150 அடிக்குள் வரிசையில் நிற்பவருக்குத் தன்னார்வலர்கள் தண்ணீர் கொடுப்பதும் அதன்படி குற்றம். இதை நிறைவேற்றச் சாதாரணப் பெரும்பான்மை போதுமாக இருந்தது. இத்தகைய சட்டங்களுக்கு எதிராகக் குடிமக்களைக் காக்க வாஷிங்டனில் 60 வேண்டும். கட்டுப்பாடு கொண்டுவருவது எளிது, பாதுகாப்பு கொண்டுவருவது கடினம் என்ற இந்த நிலையை நடுநிலை என்று எப்படிச் சொல்வது?

கனமான ஆட்சேபம் இன்னொன்று உண்டு. மெலிதான பெரும்பான்மையில் உள்ள ஒரு கட்சி நாடு முழுவதற்கும் தேர்தல் விதிகளைத் தனியாக எழுதலாமா, நாளை எதிர்க்கட்சியும் அதையே செய்யாதா என்பது அது. இந்த அச்சத்தை ஒதுக்கிவிட முடியாது. 2021-ல் ஜனநாயகக் கட்சி முதலில் கொண்டுவந்த மசோதாவில் தேர்தல் நிதி முதல் தொகுதி வரையறை வரை எல்லாம் அடங்கியிருந்தன. எதிர்க்கட்சி அதை ஏற்காததில் வியப்பில்லை. ஆனால் முன்அனுமதி ஏற்பாட்டை மீட்பதை மையமாகக் கொண்டு வந்த, ஜான் லூயிஸ் பெயர் தாங்கிய மசோதாவுக்கும் அந்த நவம்பரில் கிடைத்த குடியரசுக் கட்சி வாக்கு ஒன்றே ஒன்று. அலாஸ்காவின் லிசா முர்கோவ்ஸ்கியுடையது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் செனட்டில் ஒருவர்கூட எதிர்க்காத விஷயம் இது. சமரசத்துக்கு வழிவிடும் விதி என்றால் இங்கேயாவது சமரசம் வந்திருக்க வேண்டும். மேலும் நாடாளுமன்றத் தேர்தல் முறை பற்றி மாநிலங்கள் போடும் விதிகளை மாற்றும் அதிகாரத்தை அரசியல் சட்டமே நாடாளுமன்றத்துக்குத் தந்திருக்கிறது. ஒப்பந்தங்களுக்கும் அரசியல் சட்டத் திருத்தங்களுக்கும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்று தனியாக எழுதிவைத்தவர்கள், சாதாரணச் சட்டங்களுக்கு அப்படி எதுவும் எழுதவில்லை. எதிர்க்கட்சி நாளை தவறான சட்டம் இயற்றினால் அதை மாற்ற வாக்காளர்களுக்கு அடுத்த தேர்தல் இருக்கிறது. வாக்கே மறுக்கப்பட்டவருக்கு அந்த வழியும் இல்லை.

விதியைத் தொடவே கூடாது என்பதும் உண்மையில் கடைப்பிடிக்கப்படவில்லை. உச்ச நீதிமன்றம் தவிர்த்த நியமனங்களுக்கு 2013-லும், உச்ச நீதிமன்ற நியமனங்களுக்கு 2017-லும் 60 என்ற தேவை நீக்கப்பட்டது. 2021 டிசம்பரில் அரசின் கடன் உச்சவரம்பை உயர்த்த, ஒருமுறை மட்டும் சாதாரணப் பெரும்பான்மை போதும் என்று இரு கட்சி ஆதரவோடு தனிச் சட்டமே போட்டார்கள். அடுத்த மாதம் வாக்குரிமை மசோதா வந்தது. அதை விவாதத்துக்கு எடுப்பதே தடைபடாமல் இருக்க, விண்வெளி நிறுவனமான நாசாவின் சொத்துக் குத்தகை பற்றிய ஒரு மசோதாவின் வாசகத்தை நீக்கிவிட்டு அதற்குள் வைத்து அனுப்ப வேண்டியிருந்தது. ஜனவரி 19 இரவு, விவாதத்தை முடிக்க 60 கிடைக்கவில்லை. இந்த மசோதாவுக்கு மட்டும் விதியைத் தளர்த்தும் முயற்சி 48-க்கு 52 என்று தோற்றது. மசோதாவை ஆதரித்த ஜனநாயகக் கட்சியினரான ஜோ மான்சினும் கிர்ஸ்டன் சினிமாவும் விதியைக் காக்க எதிரணியோடு சேர்ந்து வாக்களித்தார்கள். கடன் வாங்குவதற்குத் தந்த விலக்கை வாக்குரிமைக்குத் தர மறுத்தது தவறான முடிவு. 2013-ல் செயலிழந்த பாதுகாப்பு இன்னும் மீட்கப்படவில்லை.