குளிர்பாலைக்குச் செல்லும் வழி

பாலை என்னும் சொல்லைக் கேட்ட அளவில் தமிழறிந்தார் உள்ளத்தில் வெம்மையே தோன்றும். நீர் வற்றிய சுனையும், உலர்ந்த மரமும், கானலும் அச்சொல்லோடு பிணைந்து வருவன. ஆயினும் ஒரு நிலத்தைப் பாலையாக்குவது வெயில் அன்று, மழையின்மையே ஆகும். மழை மறுக்கப்பட்ட நிலம், பனி மூடிய மலைகளுக்கு நடுவே கிடந்தாலும் பாலையே. நம் நாட்டின் வடகோடியில் உள்ள இலடாக்கு அத்தகைய குளிர்பாலை. அதன் முதன்மையான ஊராகிய லே, கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 11,500 அடி உயரத்தில் அமைந்துள்ளது. அங்கு மழையும் பனியுமாக ஓராண்டில் விழுவது ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் அளவே.

லே நகருக்கு வானூர்தியில் சில நாழிகையிற் சென்று இறங்கிவிடலாம். ஆனால் அவ்வாறு செல்வோர் ஊரைக் காண்பரேயன்றி, அவ்வூர் பாலையான காரணத்தைக் காணார். அதனைக் காண விரும்புவோர் தரைவழியே செல்லுதல் வேண்டும். தெற்கே மணாலியிலிருந்து ஒரு சாலையும், மேற்கே ஸ்ரீநகரிலிருந்து ஒரு சாலையும் லே நகரை அடைகின்றன. முன்னதில் 17,000 அடிக்கு மேற்பட்ட தங்லங் கணவாயைக் கடத்தல் வேண்டும். பின்னது ஏறத்தாழ 420 கிலோமீட்டர் நீளமுடையது. அவ்வழிச் செல்வோர் பெரும்பாலும் கார்கிலில் ஓரிரவு தங்கி, மறுநாள் மாலை லே நகரை அடைவர். சாலை அமையாத காலத்தில் வணிகர் குதிரைகளோடு இவ்வழியைக் கடக்க இரண்டு கிழமைக்கு மேல் ஆயிற்று.

ஸ்ரீநகரை விட்ட பின்னர்ச் சாலை சிந்து என்னும் ஆற்றின் கரையோடு செல்கிறது. இது ஜீலத்தில் கலக்கும் சிற்றாறு. சிந்துப் பேராறு அன்று. பெயர் ஒன்றாதலின் இரண்டையும் மயங்குவோர் பலர். ஆற்றின் இருமருங்கும் நெல் வயல்கள். அவற்றுக்கு மேல் வாதுமைத் தோப்புகள். அதற்கும் மேல் ஊசியிலைக் காடுகள். சோன்மார்க்கை அடைந்தால் மலைச்சரிவெங்கும் பசும்புல் விரிந்து கிடக்கும். நீரும் நிழலும் குறைவற்ற அவ்விடத்தினின்று நிமிர்ந்து நோக்கினால், வானை மறைத்து நிற்கும் மலைச்சுவர் ஒன்று தோன்றும். அச்சுவரில் உள்ள வாயிலே சோஜி கணவாய்.

சோஜி கணவாயின் உயரம் ஏறத்தாழ 11,575 அடி. இவ்வழியில் இதனினும் உயர்ந்த கணவாய்கள் உள்ளன. எனினும் வழிச்செல்வோர் அஞ்சுவது இதனையே. ஒருபுறம் செங்குத்தான பாறை. மறுபுறம் அடி காணவொண்ணாப் பள்ளம். இடையே வளைந்து வளைந்து ஏறும் குறுகிய சாலை. குளிர்காலத்தில் பல அடி உயரத்திற்குப் பனி குவிந்து, பனிச்சரிவுகளும் வீழ்தலால், முற்காலத்தில் ஆண்டில் ஏறக்குறையப் பாதி நாள் இக்கணவாய் அடைபட்டே கிடந்தது. இப்போது எல்லைச் சாலைகள் அமைப்பினர் இயந்திரங்களைக் கொண்டு பனியை அகற்றி, அடைபடும் காலத்தைப் பெரிதும் குறைத்துள்ளனர். கணவாயின் அடியிற் சுரங்கவழி குடையும் பணி 2020-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. இக்கணவாயோடு தமிழர்க்கும் ஒரு தொடர்பு உண்டு. 1948-ஆம் ஆண்டு இலடாக்கு பகைவரால் சூழப்பட்டபோது, குதிரைகள் மட்டுமே சென்ற இவ்வொற்றையடிப் பாதையை டாங்கிகள் ஏறும் வழியாக அகலப்படுத்தியவர் மதராஸ் சேப்பர்ஸ் எனப்படும் பொறியாளர் படையினர். அவ்வாண்டு நவம்பர் முதல் நாளில் அவ்வழியே டாங்கிகள் ஏறிச்சென்றன, கணவாயும் மீட்கப்பட்டது.

கணவாயைக் கடந்து சில கிலோமீட்டர் சென்றதும், வேறோர் உலகத்துட் புகுந்தாற்போன்ற தோற்றம் உண்டாகும். காடுகள் முற்றும் மறைந்துவிடும். செம்மை, மஞ்சள், சாம்பல், ஊதா எனப் பல நிறம் காட்டும் வெற்று மலைகளே எங்கும் நிற்கும். இம்மாற்றத்திற்குக் காரணம் யாது? கடலினின்று எழுந்த ஈரக்காற்று மலையின் முன்புறத்தே மோதி மேலே ஏறுகிறது. ஏற ஏறக் காற்றுக் குளிர்கிறது. குளிர்ந்த காற்று மிகுதியான ஈரத்தைத் தாங்கவியலாது. ஆகவே தான் கொணர்ந்த நீரையெல்லாம் மழையாகவும் பனியாகவும் முன்புறத்திலேயே சொரிந்துவிடுகிறது. பின்புறத்தில் இறங்குங்கால் அக்காற்று வறுங்காற்றாகவே இறங்குகிறது. இவ்வாறு மலையால் மழை மறைக்கப்பட்ட நிலத்தை மழைமறைவுப் பகுதி என்பர். இமயமலைத் தொடர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்று ஈரத்தைத் தடுப்பதனால், லே நகரை அடைவதற்குள் மேகங்கள் பெரும்பாலும் வெறுங்கையராகிவிடுகின்றன.

கடுங்குளிருக்குப் பெயர்பெற்ற திராஸையும் கார்கிலையும் கடந்தபின் சாலை மீண்டும் உயர்ந்து, ஏறத்தாழ 13,480 அடி உயரமுள்ள ஃபோட்டு கணவாயை அடைகிறது. அதற்கப்பால் லாமாயூரு மடாலயம் செங்குத்தான குன்றின்மேல் ஒட்டிவைத்தாற்போல் நிற்கும். அதன் அருகே மெழுகு உருகி வழிந்தாற்போன்ற மஞ்சள் மண்மேடுகள் பரந்து கிடக்கின்றன. முன்னொரு காலத்தில் அங்கிருந்த ஏரியின் அடியிற் படிந்த வண்டலே இன்று மேடாக நிற்கிறது. கண்ணுக்கு இனிய காட்சிதான். ஆயினும் ஒரு புல்லும் அம்மண்ணில் முளைப்பதில்லை.

கல்ட்சே என்னும் ஊரருகே சாலை சிந்துப் பேராற்றைச் சந்திக்கிறது. அதுமுதல் ஆறு பெரும்பாலும் வழித்துணையாகவே வருகிறது. நிம்மு என்னும் சிற்றூரின் அருகே சான்ஸ்கார் ஆறு வந்து கலக்குமிடத்தில், இரு நிற நீரும் சிறிது தொலைவு கலவாமல் ஒட்டியோடும் காட்சியைக் காணப் பயணிகள் தவறாது இறங்குவர். இத்துணைப் பெரிய ஆறு ஓடியும் இந்நிலம் ஏன் வறண்டிருக்கிறது என்னும் ஐயம் இங்கு எழுதல் இயல்பே. ஆறு ஆழ்ந்த பள்ளத்தில் ஓடுகிறது. விளைநிலமோ பெரும்பாலும் அதற்கு மேலே உள்ள திட்டுகளில் இருக்கிறது. நீர் தானாக மேலேறாது. ஆகையால் இலடாக்கின் ஊர்கள் பலவும் பேராற்றை நம்பியிராமல், மேலே உள்ள பனியாறுகளினின்று உருகி வரும் ஓடைகளை நம்பியே வாழ்கின்றன. ஓடை இறங்குமிடத்தில் மட்டும் வாற்கோதுமை வயலும், பட்டாணியும், சர்க்கரைப் பாதாமி மரங்களும் பசுந்திட்டாய் விளங்கும். வாய்க்கால் முடியுமிடத்தில் பசுமையும் முடிந்துவிடும். அவ்வெல்லையைக் கத்தி கொண்டு கீறினாற்போலத் தெளிவாகக் காணலாம்.

லே நகரும் அத்தகைய பசுந்திட்டே. குன்றின்மேல் ஒன்பது நிலைமாடங்களோடு நிற்கும் அரண்மனை, 17-ஆம் நூற்றாண்டில் செங்கே நம்கியால் என்னும் மன்னன் காலத்தில் எழுந்தது. அதன் அடிவாரத்தில் மண்ணாற் கட்டிய தட்டைக் கூரை வீடுகள் நெருங்கி நிற்கின்றன. மழை அரிதாதலின் கூரைக்குச் சரிவு வேண்டுவதில்லை. அகன்ற கடைவீதியில் முற்காலத்தே காஷ்மீரம், திபெத்து, யார்க்கந்து முதலிய இடங்களின் வணிகர் கூடி, ஆட்டுமயிரும் தேயிலையும் பட்டும் மாறினர். புதிதாக வருவோர்க்கு இங்குச் சில அடி நடந்தாலும் மூச்சு வாங்கும். இவ்வுயரத்தில் ஒரு மூச்சிற் கிடைக்கும் உயிர்வளி, கடற்கரையிற் கிடைப்பதைக் காட்டிலும் மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆதலின் வந்தவர் ஓரிரு நாள் ஓய்ந்திருத்தல் இன்றியமையாதது. இதனை அசட்டை செய்து உயிருக்கே இடர் தேடிக்கொண்டாரும் உளர்.

இங்கு நீரே செல்வம் ஆதலின் அதனைப் பங்கிடும் முறையும் தொன்றுதொட்டு வருகிறது. ஊர்தோறும் சுர்போன் எனப்படும் நீர்க்காவலர் ஒருவர் இருப்பார். எந்த வயலுக்கு எந்நேரம் மடை திறப்பது என்பதை அவரே முடிவு செய்வார். நீரின்றி அமையும் கழிப்பிடங்களை இம்மக்கள் வீடுதோறும் அமைத்தனர். மண்ணிட்டு மூடிய கழிவு வயலுக்கு எருவாயிற்று. ஒரு துளியும் வீணாகாத வாழ்க்கை அது.

1974-ஆம் ஆண்டு இலடாக்கு வெளியார்க்குத் திறந்துவிடப்பட்டது. அவ்வாண்டு வந்த பயணிகள் சில நூற்றுவரே. 2018-ஆம் ஆண்டிலோ அவர்தம் தொகை மூன்று இலட்சத்தைக் கடந்தது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி இலடாக்கு முழுமையிலும் வாழ்ந்தோர் ஏறத்தாழ 2,74,000 பேரே என்பதை இதனோடு ஒப்பிட்டுக் காணலாம். சாலை வந்ததனால் மருந்தும், கல்வியும், விளக்கெரிக்க எண்ணெயும் வந்தன. விருந்தினரால் பலர்க்குப் பிழைப்பும் கிடைத்தது. இவற்றைக் குறைவென்று கூறுதல் நேர்மையாகாது. ஆனால் வந்தவர் தம் ஊர்ப் பழக்கத்தையும் உடன் கொணர்ந்தனர். அவர்க்காக எழுந்த விடுதிகளில் நாள்தோறும் நீராடலுக்கும் கழிப்பிடத்திற்கும் குழாய்நீர் வேண்டியதாயிற்று. ஓடைநீர் போதாமையால் ஆழ்துளைக் கிணறுகள் தோண்டப்பட்டன. சிந்துவின் கரையிலிருந்து நீரை இறைத்து மேலேற்றவும் நேர்ந்தது. மறுபுறம், உலகின் வெம்மை மிகுதலால், மேலிருக்கும் பனியாறுகள் சுருங்கி வருகின்றன. செலவு பெருகும் காலத்திலேயே கருவூலம் குறைகிறது.

மழை வந்தாலும் இந்நிலத்திற்கு அச்சமே. 2010-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 5, 6-ஆம் நாள்களுக்கு இடைப்பட்ட இரவில் சிறிது நேரத்தில் பெருமழை கொட்டிற்று. மரமும் புல்லும் இல்லாத சரிவுகளில் மண்ணைப் பிடித்து நிறுத்துவதற்கு எதுவும் இல்லை. சேறும் பாறையும் கலந்த வெள்ளம் லே நகரிலும் அயலூர்களிலும் புகுந்து மண்வீடுகளை வாரிச்சென்றது. இருநூற்றுவர்க்கு மேற்பட்டோர் மாண்டனர்.

நீரில்லாக் குறையைப் போக்க இம்மண்ணில் தோன்றியவரே வழி தேடினர். குறை யாதெனில், சித்திரை வைகாசித் திங்கள்களில் விதைப்புக்கு நீர் வேண்டும். உயரத்திலுள்ள பனியாறோ ஆனி பிறந்த பின்னரே நன்கு உருகும். சேவாங் நோர்பெல் என்னும் பொறியாளர், குளிர்காலத்தில் வீணாக ஓடும் ஓடைநீரை ஊருக்கு அருகே நிழற்பாங்கான சரிவுகளுக்குத் திருப்பி, படிப்படியான கற்சுவர்களால் தடுத்தார். வேகம் குன்றிய நீர் அங்கேயே உறைந்தது. தாழ்ந்த இடத்தில் உறைந்த பனிக்கட்டி, உயரத்திலுள்ள பனியாற்றுக்கு முன்னரே உருகி விதைப்புக்கு உதவிற்று. 2015-ஆம் ஆண்டு இவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. பின்னர்ச் சோனம் வாங்சுக் என்னும் பொறியாளர் மற்றொரு வழி கண்டார். மேட்டிலிருந்து குழாய் வழியே இறங்கும் நீர் தன் வேகத்தாலேயே கடுங்குளிரில் மேலெழும்பித் தெறித்து, விழும்போதே உறைந்து கூம்பாக வளரும். பரந்து கிடக்கும் பனியைக் காட்டிலும் கூம்பின்மேல் வெயில் படும் பரப்புக் குறைவு. ஆதலால் அது நெடுநாள் கரையாது நிற்கும். புத்தர் தூபியை ஒத்த வடிவினதாதலின் அதனைப் பனித்தூபி என்கின்றனர். மார்கழியில் எழத் தொடங்கும் அத்தூபி, விதைப்புக் காலம் வந்ததும் சிறிது சிறிதாகக் கசிந்து, வயலின் இளம்பயிருக்குப் பாய்கிறது.