சேற்றில் ஒரு ப்ராக்ஸி!

நண்பன் கிளாஸுக்கு மட்டம். கடைசி பெஞ்சிலிருந்து இன்னொருத்தன் 'யெஸ் சார்!' அட்டெண்டன்ஸ் ஃபுல். ஒரு ஆள் குறைவது சாருக்குத் தெரியவே தெரியாது. இந்த ப்ராக்ஸி கலையில் நீங்கள் கில்லாடியாக இருக்கலாம். ஆனால், உங்களையே தூக்கிச் சாப்பிடுகிற பார்ட்டிகள் பழவேற்காடு ஏரியில் இருக்கிறார்கள், தெரியுமா?

மார்ச், ஏப்ரல் வந்தால் நமக்கு செமஸ்டர் டென்ஷன். ஏரிச் சேற்றில் இரை பொறுக்கும் கரைப்பறவைகளுக்கோ ஊருக்குக் கிளம்புகிற டென்ஷன். குளிர்காலத்தை இங்கே ஓட்டிவிட்டு, முட்டையிட வடக்கே போகிற கூட்டம் அது. சில இனங்கள் சைபீரியாவின் வடகோடி வரை போகும்! தின்று தின்று உடம்பில் கொழுப்பு ஏற்றிக்கொள்வதுதான் இப்போது அவற்றின் முழுநேர வேலை.

சிக்கல் என்னன்னா, தூரத்திலிருந்து பார்த்தால் பாதிப் பறவைகள் ஒரே மாதிரி இருக்கும். 'ஏதோ உள்ளான் மச்சி' என்று நகர்ந்துவிடுவோம். அங்கேதான் ப்ராக்ஸி ஆரம்பம்!

யாருக்கு யார் ப்ராக்ஸி?

முதல் ஜோடி, கொசு உள்ளானும் கர்லூ சாண்ட்பைப்பரும். கொசு உள்ளான் ஊர்க்குருவி சைஸ்தான். அலகு குட்டை, நேர். தையல் மெஷின் மாதிரி டக் டக்கென்று கொத்தும். கர்லூ சாண்ட்பைப்பர் கொஞ்சம் பெரிசு, கால் நீளம், அலகு நுனி கீழே வளைந்திருக்கும். பறக்கும்போது வால் தொடங்கும் இடத்தில் பளிச்சென்று வெள்ளை. ஊருக்குக் கிளம்பும் நேரத்தில் செங்கல் கலரில் புது டிரெஸ் வேறு!

இரண்டாவது ஜோடி, க்ரே ப்ளோவரும் பசிபிக் கோல்டன் ப்ளோவரும். இரண்டுக்கும் இந்த சீஸனில் முகமும் வயிறும் கறுத்துவிடும். கோல்டனின் முதுகில் தங்கப்பொடி தூவினதுபோல் இருக்கும். க்ரேக்கு முதுகில் கறுப்பு வெள்ளைப் புள்ளிகள்தான், அலகும் தடிமன். இன்னும் டவுட்டா? பறக்கட்டும், அக்குளைப் பாருங்கள். கறுப்பாக இருந்தால் க்ரே. சிரிக்காதீர்கள், இதுதான் பக்கா அடையாளம்!

ஒரு எச்சரிக்கை. எல்லாப் பறவையும் கலர் மாறாது. முதல் வருடக் குட்டீஸ் பல, ஊருக்கே போகாமல் பழைய சாம்பல் டிரெஸ்ஸிலேயே இங்கே தங்கிவிடும். அதனால் கலரை மட்டும் நம்பாமல் அலகு, கால், நடை, குரல் எல்லாவற்றையும் கவனியுங்கள்.

'இதெல்லாம் தெரிஞ்சு எனக்கென்ன?'

இருக்கிறது பாஸ். 2024 அக்டோபரில் உலக சிவப்புப் பட்டியலைப் புதுப்பித்தபோது கர்லூ சாண்ட்பைப்பரையும் க்ரே ப்ளோவரையும் 'அழியும் ஆபத்துக்கு ஆளாகக்கூடியவை' என்ற வரிசைக்குத் தள்ளியிருக்கிறார்கள். கொசு உள்ளானும் கோல்டன் ப்ளோவரும் அந்த ஆபத்து வரிசையில் இல்லை. இப்போது யோசியுங்கள். ஆயிரம் பறவையையும் 'உள்ளான்' என்றே எழுதி வைத்தால், அதில் கர்லூ சாண்ட்பைப்பர் வருஷா வருஷம் குறைந்தாலும் கணக்கில் தெரியாது. கொசு உள்ளான் 'யெஸ் சார்' சொல்லிவிடும்!

அதுவும் நம்ம ஏரியாவில் இது முக்கியம். ஒரு பக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட், இன்னொரு பக்கம் எண்ணூரின் அனல்மின் நிலையங்களும் துறைமுகங்களும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, கூழைக்கடாக்கள் உடம்பெல்லாம் கறுப்பாக நின்றதைப் பார்த்தோம். பெரிய வெள்ளைப் பறவை, அதனால் கண்ணில் பட்டது. சேற்று நிறத்துக் குட்டிப் பறவைக்கு என்ன ஆனது என்று கேட்க, அதற்கு முன்பு எத்தனை இருந்தது என்று யாராவது எழுதி வைத்திருக்க வேண்டுமே!

கிளம்பலாமா?

கும்மிடிப்பூண்டி லோக்கல் ட்ரெயினில் பொன்னேரி. அங்கிருந்து பஸ்ஸில் பழவேற்காடு, அல்லது ஏரியின் மேற்குக் கரையில் இருக்கும் அண்ணாமலைச்சேரி. மேற்குக் கரைக்கு என்றால் மாலையில் போங்கள். காலையில் சூரியன் நேரே கண்ணில் அடிக்கும், பறவை வெறும் நிழலாகத்தான் தெரியும். சேறு எங்கே ஆழம் என்று மீனவ அண்ணன்களைக் கேட்காமல் இறங்க வேண்டாம். போட்டோவுக்காகப் பறவைகளை விரட்டவும் வேண்டாம். ஒவ்வொரு முறை பதறி எழும்பும்போதும், சைபீரியாவுக்குச் சேர்த்த பெட்ரோல் கொஞ்சம் காலி!

பைனாகுலர் ஒன்றை நாலு பேர் பகிர்ந்துகொள்ளலாம். ஒரு நோட்டு, தேதி, இடம், எண்ணிக்கை. முடிந்தால் இ-பேர்டிலும் ஏற்றுங்கள். லெஸ்ஸர் சாண்ட் ப்ளோவரா, கிரேட்டர் சாண்ட் ப்ளோவரா என்று பழம் தின்று கொட்டை போட்டவர்களே தலையைச் சொறிவார்கள். தெரியாவிட்டால் 'இரண்டில் ஒன்று' என்று பதிய அங்கே வசதி இருக்கிறது. எக்ஸாமில் குத்துமதிப்பாக டிக் அடித்தால் ஒரு மார்க் கிடைக்கலாம். இங்கே தப்பான பெயர் எழுதினால், அதுவும் ஒரு ப்ராக்ஸிதான்.

இந்த ஒரு கிளாஸிலாவது அட்டெண்டன்ஸை ஒழுங்காக எடுப்போமே ஃப்ரெண்ட்ஸ்!