உறை தீராத தண்டனை: சோழர் கால அபராதம் எப்படி இயங்கியது?

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ, இரவு பாலுக்கு உறை ஊற்றாமல் அடுப்படியைச் சாத்துகிற வீடு குறைவு. தயிர் முழுவதையும் வழித்துச் சாப்பிட்டுவிடக் கூடாது, நாளைய உறைக்கு ஒரு கரண்டி மிச்சம் வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். சோழர் காலத்தில் இதே வட்டாரத்தில் ஓர் உயிரிழப்புக்கு விதித்த தண்டனையும் இந்தக் கணக்கில்தான் ஓடியது.

வழக்கு

திருக்கோவிலூருக்கு அருகே இருக்கிறது ஜம்பை. 2019 வரை விழுப்புரம் மாவட்டம், இப்போது கள்ளக்குறிச்சி. வேட்டைக்குப் போன ஒருவரின் அம்பு குறி தவறி ஒரு வெள்ளாளரைக் கொன்றுவிட்டது என்கிறது அவ்வூர்க் கல்வெட்டு. 79 நாடுகளின் உழவர்கள் கூடி விசாரித்தார்கள். எய்தவர் குற்றவாளிதான் என்றார்கள். ஆனால் உயிருக்கு உயிர் கேட்கவில்லை. ஊர்ச் சிவன் கோயிலில் விளக்கெரிக்க 64 பசுக்களைத் தர வேண்டும் என்று தீர்த்தார்கள்.

பாபிலோனில் ஹமுராபியின் சட்டம் வேறு வழியில் போனது. கட்டிய வீடு இடிந்து வீட்டுக்காரரின் மகன் இறந்தால், கட்டியவரின் மகனைக் கொல்ல வேண்டும் என்றது. ஜம்பையில் கூடியவர்கள் செத்தது யார் என்று மட்டும் பார்க்கவில்லை, எப்படிச் செத்தார் என்றும் பார்த்தார்கள்.

இயக்கம்

அந்த மந்தைதான் உறை. விளக்குக்காகக் கோயில்களுக்கு வந்த கால்நடைகளை இடையர்களிடம் ஒப்படைப்பது வழக்கம். பாலைத் தோய்த்து, கடைந்து, வெண்ணெய் உருக்கி, குறித்த அளவு நெய்யை அவர்கள் கோயிலில் அளக்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலில் இதன் கணக்கு துல்லியமாகக் கிடைக்கிறது: ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. பதிலுக்கு நாள்தோறும் ஓர் உழக்கு, அதாவது கால் நாழி நெய். கிழடு கழிந்தால் குட்டியும் கன்றும் அந்த இடத்தை நிரப்பும். அதனால்தான் கல்வெட்டுகள் இந்த ஆடுகளைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்கின்றன. இடையர் தவறினால் பொறுப்பேற்கப் பிணையாட்களின் பெயரும் கல்லில் ஏறியது.

அதிகாரிக்கும் அதே தீர்ப்பு

ஜம்பையின் இன்னொரு கல்வெட்டு நெஞ்சை அறுக்கிறது. வரி கேட்டு ஓர் அலுவலர் ஒரு பெண்ணை நெருக்கினார். தனக்கு அந்த வரி இல்லை என்றாள் அவள். அவர் விடவில்லை. அவள் நஞ்சுண்டு இறந்தாள். நாற்றிசையிலிருந்தும் கூடியவர்கள் அலுவலரே பொறுப்பு என்றார்கள். அவர் விளக்குக்காக 32 காசு கட்டினார். பதவியில் இருந்தவரைச் சாதாரணப் பெண்ணின் சாவுக்குப் பதில் சொல்ல வைத்த அந்தச் சபையை மதிக்கிறேன். ஆனால் ஓர் உயிரை வதைத்ததற்கு 32 காசு போதாது என்றே நினைக்கிறேன்.

பெரிய குறை வேறொன்று. நெய் கோயிலுக்குப் போனது. இறந்தவரை நம்பியிருந்த வீட்டுக்கும் ஓர் உழக்கு போயிருக்க வேண்டும்.

இன்று

சென்னை–திருச்சி நெடுஞ்சாலை திண்டிவனத்தையும் விழுப்புரத்தையும் தொட்டுப் போகிறது. அதில் ஒரு தகப்பன் விபத்தில் இறந்தால், பிள்ளைகளுக்கான இழப்பீட்டை மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் வங்கியில் நிரந்தர வைப்பாகப் போடச் சொல்கிறது. முதல் அப்படியே இருக்கும், வட்டி வளர்ப்புக்கு உதவும். இந்த நெறியை 1993இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. உறையைத் தொடாமல் தயிரைப் பரிமாறும் அதே முறை, இம்முறை உரிய வீட்டுக்கு.

ஆனால் வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தால் அந்தப் பணம் வருவதற்குள் பிள்ளை படிப்பை விட்டிருக்கும். விளக்கு அணையாமல் இருக்க ஆளும் அளவும் பிணையும் குறித்து வைத்த அக்காலக் கல்வெட்டுகளிடமிருந்து நம் நீதிமன்றங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தக் கண்டிப்பைத்தான்.